எந்தப் பக்கம் அழுத்தம் கூட? படகு இன்ஜின் ஹீட் எக்ஸ்சேஞ்சரைப் புரிந்துகொள்ள ஒரு வழிகாட்டி

விசைப்படகின் இன்ஜின் அறையில் புதிதாக இறங்குகிறவருக்கு எல்லோரும் முதலில் காட்டுவது டெம்பரேச்சர் மீட்டரைத்தான். முள் 80, 85-இல் நின்றால் ஓட்டு, 95-ஐத் தாண்டினால் வேகத்தைக் குறை. தப்பில்லை. ஆனால் அந்த முள் ஏறும் நேரத்துக்குள் கூலிங் லைனில் ஏதோ ஒன்று பல நாளாகக் கெட்டுக்கொண்டே வந்திருக்கும். வெப்பம் கடைசியில்தான் ஏறும். அழுத்தம் அதற்கு வெகு முன்பே மாறிவிடும். பம்புக்குள் தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லர் தேய்ந்தாலும், டியூப் அடைத்தாலும், ரேடியேட்டர் மூடி கெட்டாலும் அழுத்தத்தில்தான் முதலில் தெரியும்.

அழுத்தத்தைப் பார்க்கத் தெரிந்தால் இன்னொரு லாபமும் உண்டு. ஹீட் எக்ஸ்சேஞ்சரில், அதாவது இன்ஜினைச் சுற்றும் கூலண்டின் சூட்டைக் கடல் தண்ணீர் வாங்கிக்கொள்ளும் கூட்டில், ஓட்டை விழுந்தால் கூலண்ட் கடலுக்குப் போகுமா, கடல் தண்ணீர் இன்ஜினுக்குள் வருமா என்பதை அந்த நேரத்தில் எந்தப் பக்கம் அழுத்தம் கூட என்பதுதான் தீர்மானிக்கிறது. முன்னது நடந்தால் செலவு கூலண்டோடு போகும். பின்னது நடந்தால் இன்ஜினே போகும். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது முக்கியமாக இதைத்தான்.

தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ஹீட் எக்ஸ்சேஞ்சரைக் கழற்றுவது, டியூபுக்குள் குத்திச் சுத்தம் செய்வது, அரிப்பைத் தான் வாங்கிக்கொள்ளும் ஜிங்க் கட்டியை மாற்றுவது எல்லாம் அப்போதுதான் நடக்கும். ஆனால் கரையேற்றிய படகில் அழுத்தம் எடுக்க முடியாது. அதனால் கீழே வரும் வேலைகளில் அளவெடுக்கும் பகுதியைத் தடை தொடங்குவதற்கு முன்பே, படகு சரக்கோடு கடலில் ஓடும்போதே முடித்துவிடுங்கள். எதைக் கழற்ற வேண்டும் என்பதை அந்த எண்களே சொல்லிவிடும். படகுக்கு அடியில் குழாய் பதித்த கீல் கூலர் வகை என்றால் கணக்கு வேறு. இது அதற்கு இல்லை.

முதல் படி: குழாயைத் தொட்டுக்கொண்டே போங்கள்

இன்ஜின் ஓடாத நேரத்தில், டார்ச்சோடு இறங்கி, கடல் தண்ணீர் உள்ளே வரும் இடத்திலிருந்து வெளியே விழும் இடம் வரை குழாயைக் கையால் தொடர்ந்து போங்கள். பெரும்பாலும் வரிசை இப்படி இருக்கும்: அடிப்பகுதியில் கடல் வால்வு, அடுத்து குப்பையை வடிகட்டும் ஸ்ட்ரெய்னர், அடுத்து ரப்பர் இம்பெல்லர் உள்ள கடல் தண்ணீர் பம்ப், சில படகுகளில் கியர் ஆயில் கூலர், அப்புறம் ஹீட் எக்ஸ்சேஞ்சர். அதைத் தாண்டினால் இரண்டு வகை. புகைக்குழாய்க்குள் தண்ணீரைக் கலந்து விடும் ஈர எக்ஸாஸ்ட் என்றால் எல்போ என்னும் வளைகுழாய்க்குப் போகும். புகை தனியாக மேலே போகும் உலர் எக்ஸாஸ்ட் என்றால், தண்ணீர் படகின் பக்கவாட்டில் நேராக வெளியே கொட்டும்.

கூலண்ட் பக்கம் மூடிய சுற்று. இன்ஜினிலிருந்து, சூடானால் மட்டும் திறக்கும் தெர்மோஸ்டாட், அங்கிருந்து ஹீட் எக்ஸ்சேஞ்சரின் வெளிக்கூடு, திரும்ப கூலண்ட் பம்ப், மறுபடி இன்ஜின். பல இன்ஜின்களில் கூலண்ட் ஊற்றும் ஹெடர் டேங்கும் எக்ஸ்சேஞ்சரும் ஒரே கூட்டுக்குள் இருக்கும். மூடியும் அதன் மேலேயே. கடல் தண்ணீர் மெல்லிய குப்ரோ நிக்கல் டியூப்களுக்கு உள்ளே ஓடும், கூலண்ட் அவற்றுக்கு வெளியே சுற்றும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது அந்த டியூப் சுவரும், இரண்டு முனையிலும் கசிவைத் தடுக்கும் ஓ ரிங் ரப்பர் வளையங்களும் மட்டுமே.

ஒரு அட்டையில் படம் வரைந்து, ஹீட் எக்ஸ்சேஞ்சர் கடல் மட்டத்துக்கு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். மீன் ஏற்றிய பிறகு படகு எவ்வளவு தாழும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இது பின்னால் தேவைப்படும்.

இரண்டாம் படி: அழுத்தம் எங்கிருந்து பிறக்கிறது

இரு பக்கத்திலும் அழுத்தம் பிறக்கும் காரணமே வேறு. இதைக் குழப்பிக்கொண்டால் எந்த எண்ணும் விளங்காது.

கடல் தண்ணீர் பக்கத்தில் பம்ப் உண்டாக்குவது ஓட்டத்தை. அந்த ஓட்டத்தைத் தடுக்கும் ஒவ்வொரு இடமும் அழுத்தத்தை உண்டாக்குகிறது. தோட்டத்து ஹோஸின் வாயை விரலால் பாதி மூடினால் பின்னால் குழாய் விறைப்பதைப் போலத்தான். ரப்பர் இம்பெல்லர் ஒவ்வொரு சுற்றுக்கும் ஏறத்தாழ ஒரே அளவு தண்ணீரைத் தள்ளும். கடைசி முனை காற்றுக்குத் திறந்திருப்பதால், எல்லாம் சுத்தமாக இருந்தால் அழுத்தம் அதிகம் இருக்காது. இதில் கணக்கு ஒன்று உண்டு: ஓட்டம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும். 900 ஆர்பிஎம்மில் 0.1 பார் காட்டும் ஒரு லைன் 1800-இல் சுமார் 0.4 காட்ட வேண்டும். இந்த எண்கள் எடுத்துக்காட்டுக்குத்தான். உங்கள் இன்ஜினுக்கு வேறு எண் வரும், ஆனால் அந்த நான்கு மடங்கு உறவு ஏறக்குறைய நிற்கும்.

பட்டறையில் அழுத்தத்தைக் கிலோவில்தான் சொல்வார்கள். நம் வேலைக்கு ஒரு பாரும் ஒரு கிலோவும் ஒன்றுதான். பிஎஸ்ஐ என்றால் ஒரு பாருக்கு 14.5.

கூலண்ட் பக்கத்தில் அழுத்தத்தைத் தருவது சூடு. தண்ணீர் சூடாகி விரிகிறது, மேலே உள்ள காற்று அமுங்குகிறது, மூடியின் ஸ்பிரிங் அதைப் பிடித்து வைக்கிறது. மூடியில் 7 அல்லது 13 என்றோ, 0.5 அல்லது 0.9 என்றோ அச்சிட்டிருக்கும். முதல் ஜோடி பிஎஸ்ஐ, இரண்டாவது பார். அந்த எண் உச்ச வரம்பு. 0.9 மூடி போட்ட இன்ஜின் நன்றாகச் சூடானபின் 0.5-இலேயே நின்றாலும் குறையில்லை, ஹெடர் டேங்கில் காற்றுக்கு இடம் தாராளமாக இருக்கிறது என்று அர்த்தம். வெறும் தண்ணீர் திறந்த பாத்திரத்தில் 100 டிகிரியில் கொதிக்கும், 0.5 பாரில் சுமார் 111-இல், 0.9 பாரில் சுமார் 118-இல். லைனரைச் சுற்றி, சிலிண்டர் ஹெட்டின் வால்வு இடுக்குகளில், மீட்டர் காட்டுவதை விடச் சூடு அதிகம். மூடி அழுத்தத்தைப் பிடிக்கவில்லை என்றால் அங்கே குமிழி கட்டத் தொடங்கும்.

சூடான மூடியை ஒருபோதும் திறக்காதீர்கள் என்பதற்கும் இதுதான் காரணம். கொதிநிலையைத் தாண்டியும் அழுத்தத்தால் அமைதியாக இருக்கும் கூலண்ட், மூடி திறந்த அந்த நொடியில் ஆவியாகி முகத்துக்குத்தான் வரும்.

மூன்றாம் படி: நேரத்துக்கு நேரம் மாறும் உறவு

இதை மட்டும் பொறுமையாகப் படியுங்கள். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

காலையில் ஸ்டார்ட் செய்த நேரம். கூலண்ட் குளிர்ந்திருக்கிறது, அழுத்தம் சுழி. தெர்மோஸ்டாட் மூடியிருப்பதால் எக்ஸ்சேஞ்சருக்குள் கூலண்ட் ஓட்டமும் பெரிதாக இல்லை. கடல் தண்ணீர் பம்போ முதல் சுற்றிலிருந்தே தள்ளத் தொடங்கிவிடுகிறது. ஆகவே இப்போது கடல் பக்கம்தான் கூட. டியூபில் ஊசித் துளை இருந்தால் உப்புத் தண்ணீர் உள்ளே வரும். குளிர்ந்த இன்ஜினை உடனே முறுக்கி, முகத்துவாரத்தைத் தாண்ட அவசரப்படுகிற படகில் இந்த வித்தியாசம் இன்னும் பெரிது. தெர்மோஸ்டாட் திறக்கும் வரை மெதுவாக ஓட்டச் சொல்வது பிஸ்டனுக்காக மட்டும் இல்லை.

சூடேறி ஓடும் நேரம். கூலண்ட் பக்கம் 0.5, 0.7 என்று ஏறிவிடுகிறது. கடல் பக்கம், லைன் சுத்தமாக இருந்தால், அதற்குக் கீழேயே நிற்கும். உறவு திரும்பிவிட்டது. அதே ஊசித் துளை வழியாக இப்போது கூலண்ட் கடலுக்குப் போகிறது. ஹெடர் டேங்க் குறையும். வெளியே ஈரக்கசிவு எங்கும் இருக்காது. "தண்ணி குறையுது, ஆனா எங்கேயும் ஒழுகல" என்று ஒருவர் சொன்னால் எக்ஸ்சேஞ்சரைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

நிறுத்திய பிறகு. கடல் பக்கம் பம்ப் நின்ற அந்த நொடியே இறங்கிவிடுகிறது. கூலண்ட் பக்கமோ சூடு ஆறும் வரை அழுத்தத்தை வைத்துக்கொண்டிருக்கிறது; அதுவரை வெளியேதான் கசியும். ஆறிய பின் கூலண்ட் சுருங்கி உள்ளே வெற்றிடம் உண்டாகும். நல்ல மூடியில் நடுவே ஒரு சின்ன வால்வு இருக்கும்; அது திறந்து பக்கத்துப் பாட்டிலிலிருந்து கூலண்டையோ காற்றையோ உள்ளே விடும். அந்த வால்வு ஒட்டிக்கொண்டால் வெற்றிடம் வேறு வழி தேடும், டியூபில் துளை இருந்தால் கடல் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். எக்ஸ்சேஞ்சர் கடல் மட்டத்துக்குக் கீழே இருந்து, கடல் வால்வும் திறந்திருந்தால், ஒவ்வொரு மீட்டர் ஆழத்துக்கும் 0.1 பார் வெளியிலிருந்து தள்ளிக்கொண்டே இருக்கும். எண் சின்னதுதான். ஆனால் இரவு முழுக்க அதற்கு வேறு வேலை இல்லையே.

ஆக ஒரே துளை காலையில் உள்ளே விடுகிறது, பகலில் வெளியே விடுகிறது, இரவில் மறுபடி உள்ளே விடுகிறது. ஹெடர் டேங்க் அளவு மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இரண்டும் சரிக்கட்டிக்கொண்டு ஒன்றுமே தெரியாமலும் போகலாம். உள்ளே உப்பு ஏறிக்கொண்டிருக்கும்.

நான்காம் படி: கேஜ் மாட்டுங்கள்

மூன்று கேஜ் இருந்தால் நல்லது. கடல் தண்ணீர் எக்ஸ்சேஞ்சருக்குள் நுழையும் இடத்தில் ஒன்று, வெளியேறும் இடத்தில் ஒன்று, கூலண்ட் பக்கத்தில் ஒன்று. 0 முதல் 2.5 பார் வரை காட்டும் கிளிசரின் நிரப்பிய சின்ன கேஜ் போதும். ஆயில் பிரஷருக்கு வைக்கும் 10 பார் கேஜை இங்கே மாட்டினால் 0.1-க்கும் 0.2-க்கும் வித்தியாசமே தெரியாது. வசதியில்லை என்றால் நுழையும் இடத்தில் ஒன்று மட்டுமாவது போடுங்கள்.

துளை போட வேண்டியதில்லை. ஹோஸுக்கு நடுவே ஒரு டீ பொருத்தலாம். பல எக்ஸ்சேஞ்சர்களின் முனை மூடியில் ஏற்கெனவே அடைத்து வைத்த திருகு வாய் ஒன்று இருக்கும். ஜிங்க் மாட்டும் வாயை அளவெடுக்கும் நாளில் மட்டும் கடன் வாங்கலாம், முடிந்ததும் ஜிங்க்கைத் திரும்ப மாட்டிவிட வேண்டும். டீயும் நிப்பிளும் பித்தளையிலோ நல்ல ஸ்டீலிலோ இருக்கட்டும், ஜிஐ வேண்டாம். கேஜுக்கு முன்னால் கட்டாயம் ஒரு சின்ன பால் வால்வு. கேஜ் குழாய் உடைந்தால் கடல் தண்ணீர் நேராகப் படகின் அடிப்பள்ளமான பில்ஜுக்குள் கொட்டும். நடுக்கடலில் அதைத் துணி கட்டி நிறுத்த வேண்டிய நிலை வேண்டாம். அளவெடுக்காத நேரத்தில் அந்த வால்வை மூடியே வைத்திருங்கள்.

கூலண்ட் பக்கத்துக்கு டெம்பரேச்சர் சென்சார் இருக்கும் இடத்தின் பக்கத்து வாய் எதுவும் உதவும். எக்ஸ்சேஞ்சர் கூட்டிலேயே கிடைத்தால் மிக நல்லது. கூலண்ட் பம்புக்குப் பிந்திய இடத்தில் எடுத்தால் பம்பின் தள்ளலும் சேர்ந்து கூடுதலாகக் காட்டும், டியூபைச் சுற்றியுள்ள உண்மை அழுத்தம் அது இல்லை.

ஐந்தாம் படி: எழுதி வையுங்கள்

ஸ்டார்ட் செய்த உடனே, சூடேறிய பின் ஐடிலில், இழுவை வேகத்தில், முழு வேகத்தில், நிறுத்தி அரைமணி கழித்து. ஒவ்வொன்றிலும் ஆர்பிஎம், மூன்று கேஜ், வெப்பநிலை. கூடவே கடல் தண்ணீரின் வெப்பத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். கோடையில் வங்கக் கடலின் மேல்நீர் 30 டிகிரி வரை வந்துவிடும், மழைக்காலத்தில் அதைவிடக் குறைவு. இன்ஜின் இரண்டு டிகிரி கூடக் காட்டுவது கடலாலா எக்ஸ்சேஞ்சராலா என்று பின்னால் பிரித்துப் பார்க்க இது உதவும். புது இம்பெல்லர், சுத்தமான டியூப், நல்ல மூடி இருக்கும் நாளில் எடுத்த எண்கள்தான் உங்கள் படகின் அளவுகோல். அதை இன்ஜின் அறைச் சுவரில் பெயிண்டால் எழுதி வைத்திருக்கும் படகுகள் உண்டு. நோட்டுப் புத்தகம் டீசலில் நனையும். சுவரில் எழுதுவது எனக்குப் பிடித்த வழக்கம்.

ஆறாம் படி: எண்ணைப் படிப்பது

நுழையும் இடத்தில் ஏறி, வெளியேறும் இடத்தில் பழைய எண்ணே இருந்தால், அடைப்பு எக்ஸ்சேஞ்சருக்குள்ளேதான். பெரும்பாலும் முன்வாயில் இம்பெல்லர் துண்டு, பிளாஸ்டிக் கவர், வலை நூல், நத்தை ஓடு. டியூபுக்குள் உப்பும் சுண்ணமும் படிந்திருந்தாலும் இப்படித்தான், ஆனால் அது மாதக் கணக்கில் மெதுவாக ஏறும். ஒரே நாளில் ஏறினால் ஏதோ வந்து அடைத்திருக்கிறது. போன வாரம் இம்பெல்லர் மாற்றி, பழையதில் இரண்டு இதழ் காணாமல் போயிருந்தால், அவை எங்கே என்று கேட்காமல் படகை ஓட்டாதீர்கள். அவை எக்ஸ்சேஞ்சர் மூடிக்குப் பின்னால் காத்திருக்கும்.

இரண்டு கேஜும் சேர்ந்து ஏறினால் அடைப்பு அதற்கும் பின்னால். ஈர எக்ஸாஸ்ட் படகில் எல்போவின் உள்ளே கரியும் உப்பும் சேர்ந்து இறுகுவது வழக்கமான நோய். இதில் ஒரு ஆபத்து ஒளிந்திருக்கிறது. ரப்பர் இம்பெல்லர் அடைப்பைப் பார்த்து ஓட்டத்தை உடனே குறைக்காது, முட்டித் தள்ளும். நல்ல நிலையில் உள்ளது 1 பாருக்கு மேலும் ஏற்றிவிடும். வெப்பநிலை இன்னும் ஏறியிருக்காது, எல்லாம் நலமாகத் தோன்றும். ஆனால் கடல் பக்கம் கூலண்ட் பக்கத்தை மிஞ்சிவிட்டது. இதுவரை வெளியே போய்க்கொண்டிருந்த கசிவு, ஓடும்போதே உள்ளே திரும்புகிறது. கரி பிடித்த எல்போ ஒன்று இன்ஜினுக்குள் உப்பை ஏற்றுவது இப்படித்தான், அதுவும் ஹீட் எக்ஸ்சேஞ்சர் மேல் பழி விழும்படியாக.

இரண்டும் இறங்கினால் தண்ணீர் போதவில்லை. இம்பெல்லர் தேய்ந்திருக்கலாம், பம்பின் மூடித்தகட்டில் பள்ளம் விழுந்திருக்கலாம், ஸ்ட்ரெய்னர் அடைத்திருக்கலாம். சொறிமீன் (ஜெல்லி மீன்) கூட்டம் வரும் காலத்தில் ஸ்ட்ரெய்னரை ஒரு பயணத்துக்குப் பல முறை திறக்க வேண்டி வரும்; கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் கடல்நீர் வாயிலேயே அது பெரிய தொல்லை. முள் நடுங்கிக்கொண்டே இருந்து, வெளியே தண்ணீர் துப்பித் துப்பி வந்தால், பம்புக்கு முன்னால் எங்கோ காற்று இழுக்கிறது. ஸ்ட்ரெய்னர் மூடியின் ரப்பரையும் ஹோஸ் கிளிப்பையும் பாருங்கள். அங்கே தண்ணீர் ஒழுகாது, காற்றைத்தான் உறிஞ்சும். அதனால் கண்ணுக்குத் தெரியாது.

கூலண்ட் கேஜ் எவ்வளவு சூடானாலும் சுழியிலேயே இருந்தால் மூடியின் ரப்பர் போய்விட்டது, அல்லது மூடி உட்காரும் கழுத்து நசுங்கியிருக்கிறது. சூடு ஏறுகிறதே என்று மூடியைப் பாதி திருகி வைத்து ஓட்டுகிறவர்கள் எல்லாத் துறைமுகத்திலும் இருக்கிறார்கள். அவர்கள் இந்தச் சுழியைத் தாங்களே உண்டாக்கிக்கொள்கிறார்கள். இதற்கு நேர் எதிராக, சூடு ஏறினால் பெரிய எண் மூடி வாங்கிப் போடுவதும் வேண்டாம். ஓ ரிங்கும் ஹோஸும் அதற்குக் கட்டியதில்லை, அடைப்பும் அதனால் திறக்காது.

குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே கூலண்ட் கேஜ் மூடியின் எண்ணுக்குப் போனால், எக்ஸ்சேஞ்சரை விட்டுவிடுங்கள். சூடே ஏறாமல் வந்த அழுத்தம் அது. சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் உள்ள ஹெட் கேஸ்கெட் வழியாக, சிலிண்டரில் எரிந்த வாயு கூலண்டுக்குள் போகிறது. ஹெடர் டேங்கில் குமிழி விடாமல் வருவதும், மேல் ஹோஸ் கல் போல விறைப்பதும் துணைச் சாட்சி.

ஏழாம் படி: உப்பு வந்துவிட்டதா என்று பார்ப்பது

விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பார்கள். அதைச் செய்யாதீர்கள், கூலண்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் விஷம். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்க, வீட்டில் ஆர்ஓ தண்ணீருக்கு வாங்கும் டிடிஎஸ் மீட்டர் போதும். புதிதாகக் கலந்த கூலண்டில் ஒரு பாட்டில் எடுத்து மூடி வைத்துக்கொள்ளுங்கள். கூலண்டில் துருத்தடுப்பு உப்புகள் இருப்பதால் அதுவே ஒரு எண்ணைக் காட்டும், ஆகவே எப்போதும் இந்தப் பாட்டிலோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல வேண்டும். கடல் தண்ணீரில் உப்பு லிட்டருக்கு சுமார் 35 கிராம். இரண்டு சதவீதம் கலந்தாலே லிட்டருக்கு 700 மில்லிகிராம் ஏறும், மீட்டரில் அந்த ஏற்றம் தெரியும். ஆறிய கூலண்டை, காலையில் ஸ்டார்ட் செய்யும் முன், ஹெடர் டேங்கிலிருந்து எடுங்கள். இரவில் உள்ளே வந்தது அப்போதுதான் அகப்படும். கூலண்டுக்குப் பதில் போர் தண்ணீர் ஊற்றுகிற படகில் இந்தச் சோதனை குழம்பிவிடும், அந்தத் தண்ணீரிலேயே உப்பு இருக்கிறது. போர் தண்ணீர் ஊற்றாமல் இருக்க இது இன்னொரு காரணம்.

எட்டாம் படி: தடைக்காலத்தில் அழுத்தம் கொடுத்துச் சோதிப்பது

டியூப் கட்டைக் கழற்றுவதற்கு முன்பே, இருக்கும் இடத்திலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. பெரும்பாலானோர் இதைத் தாண்டி நேராகக் கழற்றுவதற்குப் போய்விடுகிறார்கள். கடல் வால்வை மூடி, எக்ஸ்சேஞ்சரின் இரண்டு முனை மூடிகளையும் எடுத்துவிடுங்கள். டியூப்களின் வாய் வரிசையாகத் தெரியும். துணியால் துடைத்து உலர விடுங்கள். கூலண்ட் நிரம்பியே இருக்கட்டும். ரேடியேட்டர் சோதிக்கும் கைப்பம்பை மூடியின் இடத்தில் மாட்டி, மூடியில் எழுதிய எண் வரை மட்டும் ஏற்றுங்கள். டார்ச் அடித்து டியூப் வாய்களைப் பார்த்துக்கொண்டு கால் மணி நேரம் பொறுங்கள். ஓட்டை இருக்கும் டியூபின் வாயில் முதலில் ஒரு பளபளப்பு தெரியும், அப்புறம் அது திரண்டு ஒரு பச்சைச் சொட்டாகக் கீழ் உதட்டில் தொங்கும். எந்த டியூப் என்று சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். டியூபும் தகடும் சேரும் விளிம்பில் சொட்டினால் ஓ ரிங்.

கைப்பம்பின் முள் இறங்கி, டியூப் வாய் எல்லாம் உலர்ந்தே இருந்தால், கசிவு வேறெங்கோ: ஹோஸ், கூலண்ட் பம்ப் சீல், ஹெட் கேஸ்கெட். எக்ஸ்சேஞ்சரைக் கழற்றும் கூலி மிச்சம். பட்டறை கம்ப்ரசரை நேராக மாட்டுவது மட்டும் வேண்டவே வேண்டாம். அதில் 7, 8 பார் நிற்கும். நல்ல எக்ஸ்சேஞ்சரும் கிழிந்துவிடும், முனை மூடி பறந்து ஆளையும் அடிக்கும்.

ஒன்றிரண்டு டியூப் மட்டும் என்றால் இரு முனையிலும் பித்தளை ஆப்பு அடித்து அடைக்கலாம். பத்தில் ஒரு பங்குக்கு மேல் போனால் டியூப் கட்டு முழுவதையுமே மாற்றுவதுதான் நல்லது. அதற்கு முன்பும் யோசியுங்கள்: டியூபை அடைத்தால் மீதி டியூப்களில் தண்ணீர் வேகம் கூடும், நுழையும் இடத்து அழுத்தமும் ஏறும். தண்ணீர் திரும்பி நுழையும் முனையில்தான் டியூப் முதலில் அரிக்கும், ஆற்று வாயில் மணலோடு இழுக்கிற படகுகளில் இன்னும் வேகமாக.

டியூப் குத்த மரக்குச்சியோ நைலான் பிரஷோ போதும். இரும்புக் கம்பி உள்ளே ஒரு கீறல் போட்டால் அடுத்த ஓட்டை அங்கேதான். ஜிங்க் பாதி கரைந்ததும் மாற்றிவிடுங்கள், முழுக்கக் கரைய விட்டால் உடைந்து விழுந்து தானே டியூபை அடைக்கும். அதன் திருகில் டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள். உலோகமும் உலோகமும் தொடாவிட்டால் ஜிங்க் வேலை செய்யாது.

ஆயில் கூலரும் ஏர் கூலரும்

இங்கே அதே விதிதான், விளைவுதான் கொடியது. கடல் தண்ணீரால் குளிரும் கியர் ஆயில் கூலரில், ஓடும்போது ஆயில் அழுத்தம் தண்ணீரை விட எவ்வளவோ அதிகம். ஓட்டை விழுந்தால் ஆயில் தண்ணீரோடு போய் வெளியே வானவில் படலமாக மிதக்கும். நிறுத்தியதும் ஆயில் அழுத்தம் சுழியாகிறது, தேங்கி நிற்கும் கடல் தண்ணீர் ஆயிலுக்குள் இறங்குகிறது. மறுநாள் டிப் ஸ்டிக்கில் ஏடிஎஃப் என்னும் சிவப்பு கியர் ஆயில் ரோஜா நிறப் பாலாகியிருந்தால் விஷயம் முற்றிவிட்டது. அதற்கு முன்பே பிடிக்க வழி உண்டு. தண்ணீர் இரவில் அடியில் தங்கும், ஆகவே ஸ்டார்ட் செய்யும் முன் கியர் பாக்ஸின் அடி நட்டைக் கொஞ்சம் தளர்த்தி முதல் சொட்டுகளை ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் பிடியுங்கள். கலங்கலோ தெளிந்த தண்ணீரோ வந்தால் ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

கடல் தண்ணீர் பம்பை கியர் சுற்றுகிற இன்ஜினில், பம்புக்கும் இன்ஜினுக்கும் நடுவே அடியில் ஒரு சின்னத் துளை இருக்கும். சீல் கெட்டால் தண்ணீர் அங்கே சொட்டி எச்சரிக்கும். சொட்டுகிறதே என்று அதை எம்சீல் வைத்து அடைத்தால், அந்தத் தண்ணீர் இன்ஜின் ஆயிலுக்குப் போகும்.

டர்போ இன்ஜினில், உள்ளே போகும் காற்றைக் கடல் தண்ணீரால் குளிர்விக்கும் ஏர் கூலர் இருந்தால், பாரம் இழுக்கும்போது காற்றின் அழுத்தம் கூட, ஐடிலிலும் நிறுத்திய பின்னும் தண்ணீரின் அழுத்தம் கூட. கசிந்த தண்ணீர் இன்டேக்கில் தேங்கி, ஸ்டார்ட் செய்யும்போது சிலிண்டருக்குள் போனால் கனெக்டிங் ராட் வளையும். தண்ணீர் அமுங்காது. பல நாள் சும்மா நின்ற படகில், ஏர் கூலரின் காற்றுப் பக்க வடிகால் நட்டைத் திறந்து பார்த்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள்.

நடுக்கடலில் உப்பு உள்ளே வருவதாகத் தெரிந்தால்

வலையை ஏற்றிவிட்டு, வேகத்தைப் பாதியாக்குங்கள். மேலே சொன்ன கணக்குப்படி கடல் பக்க அழுத்தம் கால் பங்காகும். சூடு ஏறியிருந்தால் மூடியைத் தொடாதீர்கள், அந்த அழுத்தம்தான் இப்போது உப்பை வெளியே நிறுத்திக்கொண்டிருக்கிறது. கூலண்ட் குறைந்தால் இன்ஜினை ஆறவிட்டு, குடிக்க வைத்திருக்கும் நல்ல தண்ணீரில் கொஞ்சம் ஊற்றலாம். கடல் தண்ணீரை மட்டும் ஊற்றாதீர்கள். இடையில் நிறுத்த வேண்டி வந்தால், நிறுத்திய கையோடு கடல் வால்வை மூடி, எக்ஸ்சேஞ்சரின் கடல் பக்க வடிகால் நட்டைத் திறந்து, உள்ளே நிற்கும் தண்ணீரை இறக்கிவிடுங்கள். துளைக்கு அந்தப் பக்கம் தண்ணீரே இல்லாவிட்டால் உள்ளே வர எதுவும் இருக்காது. வால்வின் கைப்பிடியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டி வையுங்கள், மறுபடி ஸ்டார்ட் செய்கிறவர் வடிகாலை மூடி, வால்வைத் திறந்த பிறகுதான் சுற்ற வேண்டும்.

கரை சேர்ந்த அன்றே, இரவு தங்க விடாமல், கூலண்ட் முழுவதையும் ஒரு டின்னில் வடித்து, நல்ல தண்ணீர் நிரப்பி, தெர்மோஸ்டாட் திறக்கும் வரை ஓட்டி, மறுபடி வடியுங்கள். டிடிஎஸ் மீட்டர் ஊற்றிய தண்ணீரின் எண்ணையே வடித்த தண்ணீரிலும் காட்டும் வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டும். கழுவும்போதும் கடல் பக்கத்துக்குத் தண்ணீர் தேவைதான், ஸ்ட்ரெய்னரில் கரையிலிருந்து நல்ல தண்ணீர் ஹோஸை விட்டு ஓட்டுங்கள். இம்பெல்லரும் உலராது, துளை வழியாக மறுபடி உப்பும் வராது.